நெஞ்செரிச்சலைச் சரிசெய்தால் தூக்கம் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் தாங்கிக்கொள்ளும் அளவில் இருக்கும் நெஞ்செரிச்சல், படுத்தவுடன் ஏன் மோசமாகிறது?

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. உணவு இறங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்வதே அதன் வேலை. வயிறு நிறைந்து உப்பும்போது, விழுங்காத நேரத்திலும் அந்த வளையம் சில விநாடிகள் தளர்கிறது; அப்போது அமிலம் மேலே வருகிறது. இது ஓரளவுக்கு எல்லோருக்கும் நடப்பதுதான். பகலில் நாம் நிமிர்ந்து இருப்பதாலும், அடிக்கடி எச்சில் விழுங்குவதாலும், அந்த எச்சிலில் உள்ள பைகார்பனேட் மீதி அமிலத்தின் வீரியத்தைக் குறைப்பதாலும், மேலே வந்தது விரைவில் இறங்கிவிடுகிறது. தூங்கும்போது உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடுகிறது, விழுங்குவதும் மிக அரிதாகிறது, படுத்த நிலையில் புவியீர்ப்பின் உதவியும் கிடைப்பதில்லை. ஆகவே இரவில் மேலே வரும் அமிலம் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும், வந்த ஒவ்வொரு முறையும் நீண்ட நேரம் தங்கிப் புண்ணாக்குகிறது.

என் தூக்கமின்மைக்கு இதுதான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மருத்துவரிடம் போவதற்கு முன்பே நீங்கள் பெருமளவு கண்டறியக்கூடிய விஷயம் இது. தூக்கம் எந்த இடத்தில் உடைகிறது என்பதைக் கவனியுங்கள். படுத்துத் தூங்கிவிட்டு, முதல் சில மணி நேரத்துக்குள் எரிச்சலோடோ, வாயில் புளிப்போடோ, இருமலோடோ, மூச்சுத் திணறுவது போன்ற உணர்வோடோ எழுகிறீர்களா? காலையில் தொண்டை கரகரப்பும் புளித்த வாயும் இருக்கின்றனவா? இரவு நேரங்கழித்து உண்ட நாட்களில் அதிகமாகவும், சீக்கிரம் உண்ட நாட்களில் குறைவாகவும் இருக்கிறதா? இப்படியானால் அமிலத்தின் மீது சந்தேகம் கொள்வதற்கு நியாயம் இருக்கிறது.

மாறாக, பதினோரு மணிக்குப் படுத்து இரண்டு மணி வரை வீட்டுக் கடனையும் மறுநாள் அலுவலகத்தையும் எண்ணிக்கொண்டு புரண்டு படுப்பவருக்கு, அவ்வப்போது ஏப்பம் வருகிறது என்பதனால் மட்டும் அமிலம் காரணமாகிவிடாது. விழித்துக் கிடப்பவர் உடம்பில் உள்ள சிறு தொல்லைகளையெல்லாம் கவனிக்கத்தான் செய்வார்.

இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்வது நல்லது. இரவு உணவு முடிந்த நேரம், என்ன உண்டீர்கள், படுத்த நேரம், எழுந்த நேரங்கள், எழும்போது எரிச்சல் இருந்ததா இல்லையா என்ற ஐந்தை மட்டும் காலையில் எழுதினால் போதும். நடு இரவில் எழுந்து கைத்தொலைபேசியில் பதிவு செய்ய வேண்டாம். அந்த வெளிச்சமும் மணி பார்க்கும் பழக்கமும் மீதித் தூக்கத்தையும் கெடுத்துவிடும்.

எனக்கு எரிச்சலே இல்லை. இருந்தாலும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. சிலருக்கு எரிச்சல் தெரியாமலேயே அமிலம் ஏறுவதும், அதனால் தூக்கத்தில் சிறு விழிப்புகள் ஏற்படுவதும் உண்மைதான். ஆனால் எரிச்சல், எதுக்களிப்பு, நாள்பட்ட இருமல் எதுவும் இல்லாமல் தூக்கமின்மை மட்டும் உள்ளவருக்கு இந்த மாத்திரைகளால் தூக்கம் திரும்பும் என்று நிறுவப்படவில்லை. சந்தேகம் வலுவாக இருந்தால், மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி 24 மணி நேரம் அமில அளவைப் பதிவு செய்யும் சோதனை பெரிய மருத்துவமனைகளில் செய்யப்படுகிறது. மாதக்கணக்கில் ஊகத்தின் பேரில் மாத்திரை விழுங்குவதைவிட அது மேல்.

தூக்கம் குறைந்தாலும் நெஞ்செரிச்சல் கூடுமா?

கூடும். 2007ஆம் ஆண்டு வெளியான ஒரு சிறிய ஆய்வில், போதிய தூக்கமில்லாத இரவுக்குப் பிறகு, நோயாளிகளின் உணவுக்குழாய் அதே அமிலத்தை இன்னும் சீக்கிரமாகவும் கடுமையாகவும் உணர்ந்தது. அமிலம் கூடியதால் அல்ல, வலியை உணரும் அளவு மாறியதால். ஆகவே தூக்கமின்மையும் நெஞ்செரிச்சலும் ஒன்றை ஒன்று வளர்க்கின்றன. எது முதலில் வந்தது என்று பல ஆண்டுகள் கழித்து ஆராய்வதில் பயன் குறைவு. இரண்டையும் கவனிக்க வேண்டியிருக்கும்.

மருந்தால் தூக்கம் மேம்படுகிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

இரவு நெஞ்செரிச்சல் உள்ளவர்களிடம் உண்டு. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், இரவு நெஞ்செரிச்சலும் அதனால் தூக்கக் கேடும் உள்ள 650 பேர் நான்கு வாரம் அமிலச் சுரப்பைக் குறைக்கும் எசோமெப்பிரசோல் மாத்திரையோ, மருந்தில்லாப் போலி மாத்திரையோ எடுத்துக்கொண்டார்கள். மருந்து எடுத்தவர்களில் பாதிப்பேருக்கு இரவு எரிச்சல் நீங்கியது; போலி மாத்திரை எடுத்தவர்களில் எட்டில் ஒருவருக்கே நீங்கியது. தூக்கமும் மருந்து எடுத்தவர்களுக்கே கூடுதலாகச் சீரடைந்தது. ஆனால் இந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் நெஞ்செரிச்சலால் தூக்கம் கெட்டவர்கள். பொதுவாகத் தூக்கம் வராதவர்கள் அல்லர். அமில மருந்தை யாரோ ஒருவர் தூக்க மருந்து போலப் பரிந்துரைக்கும்போது இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒமெப்பிரசோல் எடுக்கிறேன், பலன் இல்லை. ஏன்?

முதலில் எப்போது எடுக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். ஒமெப்பிரசோல், எசோமெப்பிரசோல், பன்டோபிரசோல் ஆகிய மாத்திரைகள், இரைப்பைச் செல்கள் உணவுக்காக அமிலம் சுரக்கத் தொடங்கும் நேரத்தில் இரத்தத்தில் இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஆகவே உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் எடுக்க வேண்டும். இரவு படுக்கும்போது, தூக்க மாத்திரையைப் போல, தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுப்பவர்கள் நம்மிடையே ஏராளம். மருந்தின் பெரும்பகுதி வீணாகிறது. தொல்லை முக்கியமாக இரவில்தான் என்றால், காலை உணவுக்கு முன் எடுப்பதை இரவு உணவுக்கு முன் மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எரிச்சல் வந்த அன்று மட்டும் எடுப்பது இன்னொரு தவறு. முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். ஆபத்தான அறிகுறிகள் எதுவும் இல்லாதவருக்கு நாளொன்றுக்கு ஒரு முறை வீதம் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதே வழக்கமான முறை. ஒழுங்காக எட்டு வாரம் எடுத்தும் எரிச்சல் துளியும் குறையவில்லை என்றால், மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதற்கு முன், அது அமிலத்தால் வரும் எரிச்சல்தானா என்ற கேள்வியைக் கேட்க வேண்டும். அமிலம் ஏறாமலேயே எரியும் உணவுக்குழாய்களும் உண்டு.

கெவிஸ்கோன், ஈனோ, ஃபமோட்டிடின் இவற்றில் எது இரவுக்கு நல்லது?

கெவிஸ்கோனில் உள்ள அல்ஜினேட், இரைப்பையில் உள்ளவற்றின் மேல் பாசிப்படலம் போல மிதந்து அமிலம் ஏறுவதைத் தடுக்கிறது. உணவுக்குப் பிறகும் படுக்கும் முன்னும் எடுத்துவிட்டு, அதன்மேல் எதுவும் குடிக்காமல் இருந்தால் பலன் தரும். ஈனோ அமிலத்தை உடனே முறிக்கிறது, ஆனால் அதனால் உண்டாகும் வாயு வயிற்றை உப்பச் செய்யும். அதில் உப்புச்சத்தும் அதிகம் என்பதால் இரத்த அழுத்தமோ இதய, சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இரவுதோறும் குடிக்கக் கூடாது. ஃபமோட்டிடின் இரவு அமிலத்தை நன்றாகக் குறைக்கிறது. ஆனால் தினமும் எடுத்தால் ஓரிரு வாரத்தில் உடல் பழகிவிட்டுப் பலன் தேய்கிறது. விருந்துக்குப் போய்வந்த இரவு போல, தேவைப்படும் இரவுகளுக்கு அதை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வீட்டு மருந்துப் பெட்டியில் பழைய ரனிடிடின் இருந்தால் அதை எடுக்காதீர்கள். 2019, 2020 ஆண்டுகளில் என்டிஎம்ஏ என்னும் மாசு காரணமாக அது பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டது.

பினாங்கில் இருந்துகொண்டு இரவுச் சாப்பாட்டைக் குறை என்றால் எப்படி?

கேள்வி நியாயமானது. இரவு பத்தரை மணிக்கு நாசி கண்டார் கடையில் வரிசையில் நின்று, சோற்றின் மேல் பொரித்த கோழியை வைத்து, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, ஆட்டுக் குழம்பு மூன்றையும் தட்டு நிறைய ‘பாஞ்சிர்’ (வெள்ளம்போல்) ஊற்றச் சொல்லி, மேலே தே தாரேக் என்னும் பால் தேநீரும் குடித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குப் படுக்கும் ஒருவரின் இரைப்பையை எண்ணிப் பாருங்கள். அளவு பெரிது என்பதால் இரைப்பை விரிகிறது, விரிந்த இரைப்பை தசை வளையத்தை அடிக்கடி தளரச் செய்கிறது. எண்ணெயும் கொழுப்பும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. அவர் படுக்கும்போது உணவில் பெரும்பகுதி இன்னும் இரைப்பையில்தான் இருக்கிறது. தே தாரேக்கில் உள்ள காஃபினில் பாதி வெளியேற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், எரிச்சல் வராத இரவிலும் அது தூக்கத்தைத் தள்ளிப்போடும். நெஞ்செரிச்சலும் தூக்கமின்மையும் சேர்ந்து உள்ளவருக்கு அந்த ஒரு குவளை இரண்டு வழியிலும் கெடுதல்.

நான் சொல்ல விரும்புவது கடையை விட்டுவிடுங்கள் என்பதல்ல. நேரத்தை மாற்றுங்கள். படுப்பதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன் உணவை முடித்துக்கொள்வது, எந்த ஒரு பண்டத்தையும் விலக்குவதைவிடப் பெரும் பலன் தரும். அதே சோறும் குழம்பும் பகல் ஒரு மணிக்கு உண்டால் அவ்வளவு தொல்லை தராது. வேலை முடிந்து ஒன்பது மணிக்குத்தான் வீட்டுக்கு வர முடிகிறது என்றால், ஆறு மணி அளவில் வேலையிடத்திலேயே ஓரளவு நன்றாக உண்டுவிட்டு, வீட்டில் இரண்டு இட்டிலியோ கொஞ்சம் கஞ்சியோ போதும் என்று வைத்துக்கொள்ளலாம். நோன்பு மாதத்தில், விடியலுக்கு முன் சஹர் உண்டவுடன் மறுபடி படுக்கும் பழக்கமும் இதே தொல்லையைத் தருகிறது. முடிந்தவரை நிமிர்ந்து உட்கார்ந்திருங்கள்.

ரசம், மிளகாய், தக்காளி, புதினா, சாக்லேட் என்று நீளமான தடைப்பட்டியல்களை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. அத்தனையையும் எல்லோரும் விலக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் பலவீனமானது. உங்கள் குறிப்பேட்டில் எது திரும்பத் திரும்பத் தெரிகிறதோ அதை மட்டும் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். மதுவும் சிகரெட்டும் இதற்கு விலக்கு. அவை தசை வளையத்தையும் கெடுக்கும், தூக்கத்தையும் கெடுக்கும்.

படுக்கும் முன் சூடான பால் குடிக்கலாமா?

குடித்தவுடன் இதமாக இருக்கும். பாலில் உள்ள புரதமும் கால்சியமும் மேலும் அமிலம் சுரக்கச் செய்வதால் சிறிது நேரத்தில் பழைய நிலைக்கே வரலாம். மைலோவுக்கும் இதுவே பதில்.

எந்தப் பக்கம் படுப்பது, தலையை எவ்வளவு உயர்த்துவது?

இடப்பக்கம். இடப்பக்கம் படுக்கும்போது இரைப்பையின் பெரும்பகுதி தசை வளையத்துக்குக் கீழே அமைகிறது. வலப்பக்கம் படுத்தால் அந்த வாசலே அமிலத்தில் மூழ்கிவிடுகிறது. 2022இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறிய அமிலம் உணவுக்குழாயை விட்டு நீங்க எடுத்துக்கொண்ட நேரம் இடப்பக்கத்தில் 35 விநாடி, மல்லாந்த நிலையில் 76 விநாடி, வலப்பக்கத்தில் 90 விநாடி என்ற அளவில் இருந்தது. செலவே இல்லாத மருந்து என்பதால் முதலில் இதைத்தான் செய்து பார்க்க வேண்டும். முதுகுப்புறமாக ஒரு நீளத் தலையணையை ஒட்டி வைத்துக்கொண்டால் தூக்கத்தில் மல்லாந்து திரும்புவது குறையும்.

தலைப்பக்கத்தை உயர்த்துவது என்றால் இரண்டு மூன்று தலையணையை அடுக்குவது அன்று. அப்படி அடுக்கினால் கழுத்தும் இடுப்பும் மடிந்து, வயிற்றில் அழுத்தம் கூடி, அமிலம் மேலும் ஏறும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் கீழும் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள, நடுவில் குழி வெட்டிய மரக்கட்டைகளை வைத்தால் உடல் முழுவதும் ஒரே சரிவில் இருக்கும். குழி இல்லாவிட்டால் புரண்டு படுக்கும்போது கால் நழுவும். அடுக்குமாடி வீடுகளில் பலரும் வைத்திருக்கும் பெட்டி போன்ற கட்டிலுக்குக் கால் இருக்காது. மெத்தையைத் தரையில் போட்டுப் படுப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு, இடுப்பிலிருந்து தலை வரை நீளும் ஆப்பு வடிவத் தலையணை பொருத்தம். முதல் சில இரவுகள் கீழே சறுக்குவது போல இருக்கும், பிறகு பழகிவிடும். பழகாமல் அதனாலேயே விழித்துக் கிடக்கிறீர்கள் என்றால், விட்டுவிட்டு இடப்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தூக்கத்துக்காகச் செய்யும் காரியம் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது.

தூக்க மாத்திரை எடுத்துக்கொண்டால் எரிச்சல் தெரியாமல் தூங்கிவிடலாம் அல்லவா?

தெரியாமல் தூங்குவதில்தான் ஆபத்து. அமிலம் ஏறும்போது ஏற்படும் சிறு விழிப்பு ஒரு பாதுகாப்பு. அந்தக் கணத்தில் எச்சிலை விழுங்கி அமிலத்தை இறக்கிவிடுகிறோம். சோல்பிடெம் என்னும் தூக்க மாத்திரையைக் கொண்டு செய்த ஆய்வில் அந்த விழிப்பு குறைந்து, அமிலம் உணவுக்குழாயில் தங்கும் நேரம் நீண்டது. ஆகவே இரவு நெஞ்செரிச்சல் உள்ளவர்கள், தூக்க மாத்திரை கேட்பதற்கு முன் அதைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் வேலை. மூன்று மணி நேர விதி எனக்கும் பொருந்துமா?

பொருந்தும், கடிகாரம் மட்டும் மாறும். ஷிப்ட் முடிந்து காலையில் வரும் வழியில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு நேரே படுப்பதே பெரும்பாலோருக்குத் தொல்லையின் மூலம். முக்கிய உணவை நள்ளிரவு இடைவேளையில் முடித்துக்கொண்டு, காலையில் சிறிதளவு மட்டும் உண்ணுங்கள். மாத்திரையையும் அந்த முக்கிய உணவுக்கு முன் வருமாறு மாற்றிக்கொள்ள வேண்டும். வாரந்தோறும் ஷிப்ட் மாறுபவர்கள் இதை மருந்தாளரோடு பேசி முடிவு செய்வது நல்லது.

நான் எடுக்கும் வேறு மருந்துகள் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். இரத்த அழுத்தத்துக்கு நம் வீடுகளில் மிகப் பரவலாக இருக்கும் அம்லோடிபின் தசை வளையத்தைத் தளர்த்தக்கூடும். மூட்டு வலி மாத்திரைகளும், எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட்டும் உணவுக்குழாயை நேரடியாகப் புண்ணாக்கலாம். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச்சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். இதய நோய்க்காகக் குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் அதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒமெப்பிரசோல் அதன் வேலையைக் குறைக்கிறது.

குறட்டையும் இருக்கிறது. தொடர்பு உண்டா?

பலமான குறட்டை, இடையிடையே மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிழுவது இவை சேர்ந்திருந்தால், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதுவும் நெஞ்செரிச்சலும் ஒரே ஆளிடம் அடிக்கடி காணப்படுகின்றன. உடல் பருமன் இரண்டுக்கும் பொதுக் காரணம். அதற்காகத் தூங்கும்போது காற்றைச் செலுத்தும் மூச்சுக் கருவி பொருத்தியபின் நெஞ்செரிச்சலும் குறைந்தவர்கள் உண்டு. இந்த நோய் இருப்பவருக்கு அமில மாத்திரையால் மட்டும் தூக்கம் சீராகாது.

நெஞ்செரிச்சல் முழுவதும் நின்றுவிட்டது. இருந்தும் தூக்கம் வரவில்லையே?

இது நிறையப் பேருக்கு நேர்வது. இந்தக் கட்டத்தில்தான் பலர் அமில மாத்திரையின் அளவைக் கூட்டும் தவறைச் செய்கிறார்கள். மாதக்கணக்கில் எரிச்சலோடு விழித்துக் கிடந்தவருக்கு, படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று மனமும் உடலும் பழகிவிடுகின்றன. எரிச்சல் போன பிறகும் அந்தப் பழக்கம் தானாகப் போவதில்லை. இன்று தூங்குவேனா என்ற கவலையே போதும், ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேல் இப்படித் தொடர்ந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை; தனியே சிகிச்சை தேவைப்படும் நோய்.

அதற்கு முதலில் கொடுக்க வேண்டியது மாத்திரை அன்று, தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. உளவியல் நிபுணர் சில அமர்வுகளில் இதைக் கற்றுத்தருவார். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டுமே படுப்பது, சுமார் இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் அமர்வது, உண்மையில் தூங்கும் நேரத்துக்கு ஏற்பப் படுக்கையில் இருக்கும் நேரத்தைச் சுருக்குவது, தூக்கத்தைப் பற்றிய அச்சங்களை ஆராய்வது என்பன இதன் உறுப்புகள். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு இந்த முறை இரட்டிப்புப் பொருத்தம்: எழுந்து நாற்காலியில் அமர்வது அமிலத்தையும் இறக்கிவிடுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. படுக்கும் நேரம் தள்ளிப்போகும்போது பசி எடுக்கும், பிஸ்கட் டின் கைக்கு எட்டும். அங்கே தவறினால் எரிச்சல் திரும்பிவிடும். வலிப்பு நோயோ இருதுருவ மனநோயோ உள்ளவர்களும், தொழிலாக வாகனம் ஓட்டுபவர்களும், படுக்கை நேரத்தைச் சுருக்கும் பகுதியை நிபுணர் இல்லாமல் செய்யக் கூடாது.

மாத்திரையை எப்போது நிறுத்துவது? நிறுத்தியதும் எரிச்சல் கூடுகிறதே?

அந்தத் திடீர் எரிச்சலை வைத்து, நோய் திரும்பிவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். 2009இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், எந்த நோயும் இல்லாத 120 பேரில் ஒரு பாதியினர் எட்டு வாரம் ஒமெப்பிரசோல் வகை மாத்திரையையும் மறுபாதியினர் போலி மாத்திரையையும் எடுத்தார்கள். நிறுத்திய பிறகு வந்த நான்கு வாரங்களில், மாத்திரை எடுத்தவர்களில் 44 விழுக்காட்டினருக்கு எரிச்சல் போன்ற தொல்லைகள் வந்தன. மற்றவர்களில் 15 விழுக்காட்டினருக்கே வந்தன. அடக்கி வைத்த சுரப்பு சில வாரங்கள் வேகமாகப் பொங்குவதே காரணம். அளவை மெல்லக் குறைத்து, இடையில் கெவிஸ்கோன் போன்றவற்றால் சமாளித்தால் பெரும்பாலும் கடந்துவிடலாம். உணவுக்குழாயில் கடுமையான புண் உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. பல ஆண்டுகள் தொடர்பவர்களுக்கு மெக்னீசியம், வைட்டமின் பி12 குறையலாம் என்பதால் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம்.

வாய் வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி எப்போது அவசியம்?

விழுங்கும்போது உணவு சிக்கிக்கொள்வது, காரணமில்லாமல் எடை குறைவது, இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், இரத்தசோகை இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதம் கூடாது. மற்றவர்களுக்கு எட்டு வார மருந்தால் பலன் இல்லாதபோது செய்யலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாது. அதனால் நோய் இல்லை என்று பொருளாகாது. மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையில் 1,000 நோயாளிகளை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வு, மலேசியாவின் மூன்று இனத்தவரில் இந்தியர்களுக்கே இந்த நோய் அதிகம் என்று கண்டது. ஆகவே ‘கேஸ்ட்ரிக்தான், சரியாகிவிடும்’ என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவது நமக்கு ஏற்றதல்ல.

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சிரைப்பு இவை வந்தால் அது நெஞ்செரிச்சலா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் 999 எண்ணை அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு வெறும் நெஞ்செரிச்சல் போலவே வரலாம்.

முதலில் எங்கே போவது, என்ன சொல்வது?

வீட்டுக்கு அருகில் உள்ள கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்கச் சுகாதார நிலையம்) போதும். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். ‘தூக்கம் வரவில்லை’ என்று மட்டும் சொன்னால் உரையாடல் ஒரு பக்கமும், ‘கேஸ்ட்ரிக்’ என்று மட்டும் சொன்னால் மற்றொரு பக்கமும் போய்விடும். இரண்டும் சேர்ந்து இருப்பதையும், எது எப்போது வருகிறது என்பதையும், இதுவரை எந்த மாத்திரையை எந்த நேரத்தில் எத்தனை வாரம் எடுத்தீர்கள் என்பதையும், குறிப்பேட்டைக் காட்டி முதல் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். குறட்டையைப் பற்றி நீங்கள் சொல்ல முடியாது. உடன் உறங்குபவரை அழைத்துச் செல்லுங்கள்.